குருதி நாளங்களை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள்கள்

மனித உடலில் குருதி ஓடும் பாதையை அறிய அறிஞர் உலகம் பல நூற்றாண்டுகள் முயன்றது. இதயத்தின் வலப்புறக் குருதி நுரையீரலின் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்பதை, இப்னு சீனாவின் மருத்துவ நூலில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய உரையில், 1242ஆம் ஆண்டில் இப்னு அந்நஃபீஸ் அவர்கள் எடுத்துரைத்தார்கள். 1628இல் வில்லியம் ஹார்வி உடல் முழுவதிலும் நிகழும் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கினார். 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்நாளங்களைக் கண்டார். பாதை தெளிவாயிற்று. ஆயினும் அப்பாதையின் உட்சுவராக அமைந்த உயிரணுக்களைத் திசுவில் உறுதியாக இனங்காணுதல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அரிய செயலாகவே இருந்தது.

உட்சுவர் உயிரணுக்கள்

எல்லாக் குருதி நாளங்களின் உட்புறத்திலும் ஒற்றை அடுக்காகப் பரவியுள்ள தட்டையான உயிரணுக்களின் படலம் எண்டோதீலியம் எனப்படும். நுண்நாளங்களின் சுவர் பெரும்பாலும் இப்படலமே. திசுவை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் காணும்போது, சுருங்கிய நுண்நாளம் ஒரு கோடாகத் தோன்றும். நார்த்திசு உயிரணுவும் அவ்வாறே தோன்றும்.

இவற்றைப் பிரித்தறிவதில் ஓர் உயிரின் நலமே அடங்கியிருக்கலாம். கட்டியொன்றின் சீவலில், சிறிய இடைவெளி ஒன்றினுள் புற்றுநோய் உயிரணுக்கள் தென்படுகின்றன என்று கொள்வோம். அவ்விடைவெளி நாளமாயின், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவும் வாய்ப்பு மிகுதி. திசுவைப் பதப்படுத்தும்போது ஏற்பட்ட வெறும் சுருக்கமாயின், அந்த அச்சத்திற்கு இடமில்லை. கண்ணால் மட்டும் கண்டு முடிவு கூறுதல் பல வேளைகளில் இயலாது.

ஒரே குலத்து எதிர்ப்பொருள்

ஒவ்வோர் உயிரணுவும் தன் தொழிலுக்கேற்ற புரதங்களைத் தாங்கியுள்ளது. அவற்றுள் உயிரணுவின் இனத்தைக் காட்டித் தருபவை அடையாளப் புரதங்கள் எனப்படும். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் கருவியே மோனோகுளோனல் எதிர்ப்பொருள்.

இதனை உருவாக்கும் முறையை 1975ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் கோலரும் மில்ஸ்டைனும் வெளியிட்டனர். சுண்டெலியின் உடலில் ஒரு புரதத்தைச் செலுத்தினால், அதன் மண்ணீரலில் எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரணுக்கள் தோன்றும்; ஆனால் அவை சோதனைக்கலத்தில் நெடுநாள் வாழா. மைலோமா என்னும் புற்றுநோய் உயிரணுக்களோ ஓயாது பெருகும். இவ்விரண்டையும் இணைத்த கலப்புயிரணு, சுரக்கவும் செய்யும், பெருகவும் செய்யும். தனியொரு கலப்புயிரணுவின் வழித்தோன்றல்கள் அனைத்தும் ஒரே வகை எதிர்ப்பொருளையே தரும். இப்பணிக்காக இருவரும், கோட்பாட்டு ஆய்வுக்காக நீல்ஸ் யெர்னவும் 1984இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆய்வில் எதிர்ப்பொருளைத் திசுச் சீவலின்மேல் இடுவர். அது தனக்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பின்னர், பெராக்சிடேஸ் என்னும் நொதியையும் நிறம் தரும் பொருளையும் கொண்டு அவ்விடத்தைப் பழுப்பு நிறமாக்குவர். மறைந்திருந்த நாளங்கள் அப்போது தெளிவாய்ப் புலப்படும்.

அடையாளப் புரதங்கள்

நாள உயிரணுக்களுக்குச் சிறப்பாக மூன்று அடையாளங்கள் பயன்படுகின்றன. முதலாவது வான் வில்லிபிராண்டு காரணி. இது குருதி உறைவதற்குத் துணைபுரியும் புரதம். இரண்டாவது சி.டி. 31, உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் விளிம்புகளில் மிகுந்து காணப்படுவது. மூன்றாவது சி.டி. 34.

எனினும், இவற்றுள் எதுவும் நாளங்களுக்கு மட்டுமே உரியதன்று. வான் வில்லிபிராண்டு காரணி தட்டணுக்களிலும் உண்டு. நுண்நாளங்களில் அது மங்கித் தோன்றுவதும் உண்டு. சி.டி. 31 தட்டணுக்களிலும் பெருவிழுங்கணுக்களிலும் உள்ளது. கட்டியினுள் புகுந்த பெருவிழுங்கணுக்கள் பழுப்பு நிறமேற, அதனை நாளப் புற்றென மயங்கிய நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சி.டி. 34 எலும்பு மச்சையின் மூல உயிரணுக்களிலும் உண்டு. எனவே ஓர் அடையாளத்தோடு நில்லாமல் இரண்டு மூன்றைச் சேர்த்து நோக்குவர். நிணநீர் நாளத்தைப் பிரித்தறிய டி2-40 என்னும் எதிர்ப்பொருளையும் பயன்படுத்துவர். அது நிணநீர் நாளத்தில் நிறமேற்றும், குருதி நாளத்தில் ஏற்றாது.

எதிர்ப்பொருளையும் சோதிக்க வேண்டும். புரதம் உறுதியாக உள்ள திசுவில் அது நிறம் தருகிறதா, இல்லாத திசுவில் தராமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிடுதல் கட்டாயம். நம்பகமற்ற எதிர்ப்பொருள்களால் ஆய்வுகள் வீணாவதைச் சுட்டி, 2015ஆம் ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் நேச்சர் இதழின் வாயிலாகச் சீர்திருத்தம் கோரினர்.

பயன்களும் படிப்பினையும்

கட்டிகள் புதிய நாளங்களை வரவழைத்தே வளர்கின்றன என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்மொழிந்தார். அக்கருத்தை ஆராய்ந்தோர், நிறமேற்றிய நாளங்களை எண்ணியே கட்டியின் குருதி வளத்தை மதிப்பிட்டனர். நாள வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்துக்கு 2004இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அம்மருந்தும் ஒரு மோனோகுளோனல் எதிர்ப்பொருளே!

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஒவ்வொரு ஹதீஸையும் ஏற்கும் முன் அதன் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தார்கள் என்பதை நாம் அறிவோம். செய்தியை மட்டுமன்றி, செய்தி தருபவரையும் ஆராய்வது நம் முன்னோர் போற்றிய நெறி. ஆய்வுக்கூடத்தில் பழுப்பு நிறம் கூறும் செய்திக்கும் இந்நெறியே பொருந்தும். கண்ணாடிச் சில்லின் மறுபுறத்தில் ஒரு நோயாளி முடிவுக்காகக் காத்திருக்கிறார் என்பதை அறிவியல் பயிலும் மாணவச் செல்வங்கள் என்றும் நினைவில் கொள்வார்களாக!