டிராம்பே மலையின் அடிவாரங்கள்

சென்ற இதழில் தாராவியருகே, மித்தி நதியோரத்தில் நிற்கும் காலா கில்லாவைப் பார்த்தோம். இவ்வாரம் சயான்–டிராம்பே சாலையைப் பிடித்து, செம்பூரையும் மான்கூர்டையும் கடந்து, கடலோரம் வரையில் போவோம். பம்பாயில் மலை ஏது என்று கேட்கும் திருநெல்வேலி நண்பர்களுக்கு, ஏறக்குறைய 1000 அடி உயர்ந்து, ஆடியில் பச்சையும் பங்குனியில் செம்பழுப்புமாக வர்ணம் மாறும் டிராம்பே மலையைக் காட்டுவது என் வழக்கம். சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருக்கெடுத்த எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை அது.

இம்மலையின் கடல்முகத்தில், எலிபண்டா தீவை நோக்கிய சரிவின் கீழ், ஹோமி பாபா 1954-இல் அணுசக்தி ஸ்தாபனத்தை நிறுவினார். ஆசியாவின் முதல் ஆராய்ச்சி உலை என்று போற்றப்படும் அப்ஸரா, 1956 ஆகஸ்டு 4-ஆம் தேதி இங்கே இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் பி.கே. அய்யங்கார், ரா. சிதம்பரம் என்னும் தமிழர் இருவர் அடுத்தடுத்து அந்த ஸ்தாபனத்தின் இயக்குநர் பீடத்தை அலங்கரித்தார்கள். விஞ்ஞானிகளின் குடியிருப்பான அணுசக்தி நகர் மலைக்கு வடபுறம், மரநிழலும் விசாலமான வீதிகளுமாக விளங்குகிறது. மதிற்சுவருக்கு இப்பால், கழிக்கும் மலைக்கும் இடையே நெருக்குண்டு கிடப்பது சீத்தா கேம்ப், அங்கும் தமிழர்தாம்.

இவர்கள் இங்கே விரும்பிக் குடியேறியவர்கள் அல்லர். இவர்களுடைய ஆதி வாசஸ்தலம் மான்கூர்டுப் பக்கத்து ஜனதா காலனி. அங்குங்கூட நகரின் பிற மூலைகளிலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டவர்களே வாழ்ந்தார்கள். அணுசக்தித் துறை அந்நிலத்தைக் கோரியபோது, அதை எதிர்த்து முன்னின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்து, 1963-இல் பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம். நகராட்சி குப்பை அள்ளாதிருந்த காலத்தில், சிறுவர்களைத் திரட்டி, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, அலுவலக வாசலிலேயே கொட்டச் செய்த குறும்பர் அவர்! அந்தக் குறும்பிலே அரசியல் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்ததென்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நெருக்கடி நிலையின் முன்னே குறும்பும் செல்லவில்லை, மனுக்களும் செல்லவில்லை. 1976-இல் சுமார் 70,000 பேர் வாகனங்களில் ஏற்றப்பட்டு, இந்தச் சதுப்பு நிலத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். அற்புதத்துக்கு 2000-இல் மகஸேஸே விருதும், 2011-இல் பத்மஸ்ரீயும் பின்னர் வந்து சேர்ந்தன.

சேற்றின்மீது மண் கொட்டி, தாமே மேடாக்கிய அந்நிலத்தை இன்று ஏ செக்டர், பி செக்டர் என எழுத்துகளால் வகுத்து வைத்திருக்கிறார்கள். பள்ளிவாசல், அம்மன் கோயில், மாதா கோயில் மூன்றும் அருகருகே அமைந்த இவ்வூரின் சந்துகளில், நெல்லைப் பேச்சு ஹிந்தியோடு கலந்து காதில் விழுகிறது. அப்பால் கோலிகளின் மீனவக் கிராமம், அதன் படகுத்துறை, அதற்கும் அப்பால் அலையாத்திக் காடும் தாணே கழியும். கார்த்திகைக்குப் பின் அங்கே பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. 2015-இல் கழியின் ஒரு பகுதி அவற்றின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்குக் குடியுரிமை வழங்கிய விரைவு மனிதருக்கு வாய்த்ததா என்று கேட்பவர்களை நான் கடிந்துகொள்ள மாட்டேன்.

மலைமீது மட்டும் யாரும் ஏறுவதற்கில்லை; அது பாதுகாப்பு எல்லைக்குள் அடங்கியது. குன்றுதோறும் குமரனைக் கண்டு பழகிய ஜாதிக்கு இது சிறு குறையன்று. செம்பூரின் செடா நகரில், படியேறிச் சென்று தொழும்படி உயரத்தில் முருகனுக்குத் தமிழர்கள் ஓர் ஆலயம் எழுப்பியதில் இந்தக் குறைக்கும் பங்குண்டோ என்னவோ, என் மனம் அப்படித்தான் கற்பிக்கிறது. கிருத்திகை தினத்தில் சீத்தா கேம்ப்வாசியும் அணுசக்தி நகர்வாசியும் அங்கே ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம்.

மலைக்கு மேற்கேயும் ஓர் அடிவாரம் உண்டு. 1950-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தமர்ந்த மாஹூல் கிராமம் அது. அடுத்த இதழில் அங்கே செல்வோம்.