உலர்ந்தும் உயிர்க்கும் புழுக்கள்

கொடுவெயிலும் உறைபனியும் ஒன்றுக்கொன்று பகை என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். உயிரணுவுக்கோ இரண்டும் ஒரே துன்பம்: இரண்டுமே உடலின் நீரைப் பறிப்பவை. கொசுவை ஒத்திருந்தும் குருதி குடிக்காத ஒரே குடும்பத்துப் பூச்சிகள் இரண்டு, இத்துன்பத்தை இருவேறு நிலங்களில் எதிர்கொள்கின்றன.

வட நைசீரியாவின் கருங்கற் பாறைகளில் மழைநீர் தேங்கும் குழிகளே பாலிப்பெடிலம் வாண்டர்பிளாங்கியின் புழுக்களுக்கு உறைவிடம். குழி வற்றும்போது, சேற்றைக் குழைத்துக் கட்டிய கூட்டுக்குள் கிடந்தபடியே புழு உலர்கிறது. மெல்ல உலர்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு நாள்களில் அது திரெகலோசு என்னும் சர்க்கரையை உடலெங்கும் நிரப்பிக்கொள்கிறது. உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதுவே. நீர் அகன்ற இடங்களில் அச்சர்க்கரை கண்ணாடிபோல் இறுகிப் புரதங்களைக் குலையாமல் காக்கிறது. விரைந்து உலர்த்தினால் சர்க்கரை ஆக்கப் பொழுதின்றிப் புழு மாண்டுபோகும். எஞ்சும் நீர் 3 விழுக்காடு. உண்ணல் இல்லை, மூச்சு இல்லை. இதை இறப்பென்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. 17 ஆண்டுகள் உலர்ந்து கிடந்த புழுக்களும் நீர் பட்டு மீண்டிருக்கின்றனவே!

பெல்கிகா அண்டார்க்டிகா தென்முனைப் பனிக்கண்டத்துக்கே உரியது. 1897இல் புறப்பட்ட பெல்சியத் தேட்டப் பயணத்தின் கப்பற்பெயரே இதன் பெயராயிற்று. நீளம் 2 முதல் 6 மில்லிமீட்டர், சிறகில்லை. ஆயினும் முழுதும் நிலத்திலேயே வாழும் அக்கண்டத்து விலங்குகளுள் இதுவே பெரியது! இரண்டாண்டு வாழ்வில் பெரும்பகுதி புழுப்பருவம். வளர்ந்தபின் பத்து நாள்களுக்குள் முடிவு. சூழ்ந்த பனிக்கட்டி புழுவின் உடல்நீரை ஈர்த்துக்கொள்ள, நீர் குறைந்த உடல் உறையாமல் தப்புகிறது. உடல்நீரில் 70 விழுக்காடு வரை இழந்தாலும் அது பிழைக்கும். இங்கும் திரெகலோசு துணைநிற்கிறது.

வியப்பு இனித்தான். பனியில் பிறந்த புழு −20 பாகை செல்சியசுக்குக் கீழே பிழைப்பதில்லை. வெயில்நாட்டுப் புழுவோ, உலர்ந்த நிலையில் −270 பாகைக் குளிரையும் 102 பாகை வெப்பத்தையும் தாங்கியதை 1960இல் ஓவர்டு இண்டன் என்னும் ஆங்கில அறிஞர் காட்டினார். முற்றும் உலர்ந்த உடலில் உறைவதற்கு நீர் ஏது?

பெல்கிகாவுக்குத் தேவை கடுங்குளிர் அன்று, பனிப்போர்வைக்கடியில் மாறாதிருக்கும் மிதமான குளிர். குளிர்காலம் வெப்பமுற்றால், உறங்கவேண்டிய புழுவின் உடல் விழித்தியங்கி, வேனிலுக்கெனச் சேர்த்த கொழுப்பைச் செலவிட்டுவிடுகிறது. உலகம் சூடேறும் இந்நாளில் நான் அஞ்சுவது இதற்கே.