நெல் வயலின் இயற்கைக் காவல்

நெற்பயிருக்கு நேரும் உபத்திரவங்களுள் புகையான் கொடியது. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாய்த் தங்கிச் சாற்றை உறிஞ்சும் இப்பூச்சியால், பயிர் வட்ட வட்டமாய்த் தீய்ந்தாற்போற் காய்ந்துவிடும். கண்டவுடன் விஷமருந்து தெளிக்க நிலமுடையோர் விரைவது இயல்பே. ஆயினும் பல சமயங்களில் அம்மருந்தே புகையானைப் பெருக்கிவிடுகிறது.

காரணம் யாதெனில், புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைப்பதால் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை. வெளியே திரியும் சிலந்திகளும், முட்டைகளைக் குத்தி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளுமோ மடிந்துபோகின்றன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு உண்ணப் பயிருண்டு. அவற்றை உண்பார் இல்லை. மருந்து படாத வயலிலோ, புகையான் மிகுந்தால் இரை மிகுந்து சத்துருக்களும் மிகும். இரை குறைந்தால் அவையும் குறையும்.

புகையான் வருமுன் இச்சத்துருக்கள் எதைத் தின்று பிழைக்கின்றன? ஜாவாத் தீவின் வயல்களை ஆராய்ந்தோர் இதற்கு விடை கண்டு 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வயலில் மக்கும் தாளையும் தழையையும் பற்றிச் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு வளரும், பயிருக்குத் தீங்கு செய்யாத பூச்சிகள் சிலந்திகளுக்கு முதல் இரையாகின்றன. இவ்வாறு காவற்படை முன்னதாகவே திரண்டுவிடுகிறது. அடுத்த வயற்காரர் தெளித்தாரென்று நட்ட சில நாட்களிலேயே தாமும் தெளிப்பது அப்படையைக் கலைப்பதேயாகும்.

ஜாவாவை உட்கொண்ட இந்தோனேசியாவில் மருந்து விலையின் பெரும்பகுதியை முன்னர் அரசாங்கமே ஏற்றுவந்தது. புகையான் சேதமும் மிகுந்தது. 1986 நவம்பரில் 57 மருந்துகளை நெல்லுக்கு விலக்கி உத்தரவு பிறந்தது. 1989-இல் மானியமும் நின்றது. விளைச்சல் குன்றவில்லை.

தமிழ்நாட்டு வயல்களிலும் இச்சத்துருக்கள் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் சேத வரம்பு அவற்றையும் கணக்கிற் சேர்த்ததாகும்: சிலந்தியில்லாவிடில் தூருக்கு 1 புகையான், குத்துக்கு 1 சிலந்தியிருப்பின் தூருக்கு 2. வரப்பில் நின்று பார்த்தால் இது புலப்படாது. வயலில் இறங்கிப் பயிரை விலக்கி அடித்தூரைக் காணவேண்டும்.

தழைச்சத்தை அளவு மிஞ்சி இட்ட வயலில் புகையான் சத்துருக்களை முந்திப் பெருகும். நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுதல் நலம். வரம்பு கடந்து மருந்து தெளிக்க நேரின், தண்ணீரை வடித்து, அடித்தூரில் படுமாறு தெளிக்க வேண்டும்; புகையானை மீண்டும் பெருகச் செய்யும் செயற்கைப் பைரித்திராய்டு வகைகளை நீக்கிவிட வேண்டும்.