உங்களுக்குத் தெரியுமா? பல்லிக்கும் அலறும் அலாரம்!

● பெங்களூரு மர்பி டவுனின் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. கன்டோன்மென்ட் காலத்து இன்ஜினீயர் டபிள்யூ.எச்.மர்பியின் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே பல சந்துகளில் வாசற்படி இறங்கினால் தெருதான். கேட், புல்தரை, கார் ஷெட் என்று படம் போட்டு விற்கும் அலாரம் செட் இந்த வீடுகளுக்காகச் செய்ததல்ல. உதிரியாகப் பார்த்து வாங்குவதே மேல். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் வண்டி மாறி, சிக்பேட்டில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு நடை தூரம்.

● கதவில் ஒட்டுகிற காந்த சென்சாருக்குள் இருப்பது அரை அங்குலக் கண்ணாடிக் குழல். அதற்குள் மயிரிழை இடைவெளியில் இரண்டு இரும்பு நாக்குகள். காந்தம் அருகில் இருந்தால் ஒட்டும். கதவு திறந்து காந்தம் விலகினால் பிரியும், அலாரம் அடிக்கும். இந்த ரீட் சுவிட்ச் 1936-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் கண்டுபிடித்தது. விலையில் இதுதான் கடைக்குட்டி, வேலையில் மூத்த பிள்ளை. ஒன்றே ஒன்று: இரும்புக் கதவு காந்தத்தின் பலத்தை விழுங்கிவிடும். கடையில் “கிரில் கேட்டுக்கு” என்று சொல்லியே கேளுங்கள்.

● ஒயர் போட்ட சென்சாரில், ஒயரை வெட்டினாலும் அலாரம் அடிக்க வேண்டும். ஷார்ட் செய்தாலும் அடிக்க வேண்டும். இரண்டாவதற்காகத்தான் ஒரு சின்ன ரெசிஸ்டர். அதை ஒயரின் கடைசியில், சென்சாருக்குள் வைக்க வேண்டும். அவசரக்கார எலக்ட்ரீஷியன், அலாரத்தின் மூளையான பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டுப் போவார். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

● ‘பி.ஐ.ஆர்.’ எனும் நடமாட்ட சென்சார் உருவத்தைப் பார்ப்பதில்லை. உடம்புச் சூடு நகர்வதை உணர்கிறது. அறையே உடம்பளவு சூடாகிவிட்டால் அதற்கு ஆளும் சுவரும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வகையில் சென்னை மே மாதத்தைவிட பெங்களூரு அதற்கு நல்ல ஊர், தகரக் கூரை இல்லாதவரை. கண்ணாடி வழியாகவும் அதற்குத் தெரியாது.

சுவரில் இருக்கும் பல்லி அதற்குப் பொருட்டே இல்லை. ஆனால் லென்ஸ் மேலேயே ஊர்ந்தால், அந்தச் சின்ன உடம்பு ஆள் அளவுக்குப் பார்வையை மறைக்கும். நள்ளிரவில் வீடே அலறும். பல்லி சொல்லுக்கு நம் பாட்டிமார் கொடுத்த மதிப்பை இந்தக் கருவியும் கொடுக்கிறது! சென்சாரில் ஒயர் நுழையும் ஓட்டையை சிலிக்கோன் வைத்து அடைத்தால் எறும்பும் உள்ளே குடிபுகாது.

● கண்ணாடி உடையும் ஓசையைக் கேட்கும் சென்சார் நமக்கு வீண் செலவு என்பது என் கட்சி. நம் வீட்டு ஜன்னல் காற்றுக்காகத் திறந்தே கிடக்கிறது, காவல் கிரில்தான். கிரிலை ஆட்டினால் உணரும் அதிர்வு சென்சார் போதும். தீபாவளி வாரத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் மந்தமாக வையுங்கள்.

● பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, அலாரம் 150 மில்லியாம்பியர் இழுத்தால் கணக்குப்படி 46 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பழையதானால் பாதிகூடத் தாங்காது. மாட்டும் அன்றே மார்க்கரால் அதன் நெற்றியில் தேதி எழுதுங்கள்.

● செல்போனுக்கு அழைக்கும் மலிவான பேனல்கள் பல 2ஜி மட்டுமே அறிந்தவை. ஜியோவிடம் 2ஜி கிடையாது. சிம் போட்டு, ஒரு முறை அடித்துக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

● வெளிநாட்டு உறவினர் வாங்கிவந்த ஒயர்லெஸ் சென்சாரா? இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் இத்தகைய கருவிகள் பேசலாம் என்று ஒதுக்கிய அலைவரிசைகளில் முக்கியமானது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். பெட்டியின் பின்புறம் அலைவரிசை எண்ணைப் பாருங்கள்.

● வீட்டுக்கான கேமரா காவலுக்கு விதை போட்டவர் நியூயார்க் நர்ஸ் மேரி வான் பிரிட்டன் பிரவுன். கணவருடன் 1966-இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2-இல் காப்புரிமை பெற்றார். கதவின் துளைகளில் மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் டிவி, அவசர பட்டன் எல்லாம் அதில் உண்டு.

● திண்டுக்கல்லில் திறக்கும்போதே மணியடிக்கும் பூட்டு செய்தார்கள். பேட்டரியே வேண்டாம்!

● சைரன் 110 டெசிபல் கத்தும். குடியிருப்புப் பகுதியில் இரவுக்குச் சட்டம் சொல்லும் அளவு 45. சில நிமிடங்களில் தானே நிற்கும்படி அமையுங்கள். ஊருக்குப் போனால் எதிர்வீட்டு அக்காவிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பல்லி ஏறிய ராத்திரி அவர்தான் எழுந்து வர வேண்டும்.