வேருக்கு ஊற்றுங்கள், தரைக்கு வேண்டாம்



வீட்டுத் தோட்டம் போடலாம் என்று கூட்டத்தில் பேச்சு எடுத்தால், "குடிக்கவே குடம் குடமா தூக்கிட்டு வர்றோம், செடிக்கு எங்க போறது?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிட்டுப் போய்விடும். சித்திரை, வைகாசியில் தோட்டம் காயும். சிப்காட் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு தினமும் தண்ணீர் ஊற்ற நேரமும் இருக்காது. இருந்தாலும், இருக்கிற நாலு குடம் தண்ணீரில் வீட்டுக்குக் காய் எடுக்க வழி உண்டு.

நம் பக்கத்து நிலத்தடி நீர்

சென்னைக் குடிநீருக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் பல ஆண்டுகள் நிலத்தடி நீர் எடுக்கப்பட்டது. விவசாயத்துக்கு எடுத்தது தனி. எடுத்த அளவுக்கு மழைநீர் உள்ளே இறங்காததால், மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து கிணறுகள் உப்பாகின. பிறகு 2010-ல் அதே மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே திறக்கப்பட்டது. ஆகவே போரில் தண்ணீர் வருகிறதே என்று ஓசை விட்டுத் திறந்து வைப்பது நமக்குக் கட்டாது.

முதலில் அளந்து பாருங்கள்

உங்கள் ஓஸ் ஒரு குடத்தை எவ்வளவு நேரத்தில் நிரப்புகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் என்றால், 20 நிமிடம் செடிக்குப் பிடித்தால் 20 குடம் போய்விட்டது. அதில் வேருக்குப் போவது கொஞ்சம்தான். மீதி பாதையிலும் வெயிலிலும் போகிறது.

பானைப் பாசனம்

இது பழைய முறை. சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. ஹரியானாவில் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970-களில் இதை வைத்துக் காய்கறி வளர்த்துப் பார்த்தார்கள்.

* சாயம் பூசாத 5 லிட்டர் மண்பானை வாங்குங்கள். தண்ணீர் ஊற்றி ஒருநாள் வையுங்கள். வெளிப்பக்கம் ஈரம் கசிந்தால் நல்ல பானை.
* குழி எடுத்து, தொழு உரம் கலந்த மண் போட்டு, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதையுங்கள்.
* பானையிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் நாலு இடத்தில் கத்தரி, தக்காளி அல்லது பாகல், சுரை வையுங்கள்.
* முதல் இரண்டு வாரம் செடிக்குக் கையால் ஊற்றுங்கள். பிறகு வேர் தானே பானையைத் தேடி வரும்.
* இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை பானையை நிரப்பினால் போதும். மேலே மூடி வையுங்கள். இல்லாவிட்டால் கொசு வளரும்.

மண் காயக் காய பானை கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். மேல்மண் காய்ந்தே இருப்பதால் களையும் குறைவு. சற்று உப்பான தண்ணீருக்கும் இது உதவும். வேரைச் சுற்றி எப்போதும் ஈரம் இருப்பதால் உப்பு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. ஆனால் உப்பு பானையின் துளைகளை அடைக்கும். பருவம் முடிந்ததும் எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

கீரைப் பாத்திக்குப் பானை சரிப்படாது. அதற்குப் பூவாளியே நல்லது.

செலவில்லாத மற்ற வழிகள்

மூடாக்கு: செடியைச் சுற்றி வைக்கோல், காய்ந்த சருகு, தேங்காய் மட்டை பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போட வேண்டாம்.

நேரம்: காலை வெயில் ஏறுமுன் ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம்.

அலசிய தண்ணீர்: அரிசி, காய் கழுவிய தண்ணீர் எல்லாச் செடிக்கும் ஆகும். துணி கடைசியாக அலசிய தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்புங்கள். சோப்பு நுரைத் தண்ணீரும் பிளீச்சிங் தண்ணீரும் வேண்டாம். கீரைக்கு எந்தத் துணித் தண்ணீரும் வேண்டாம்.

மழைநீர்: 20 அடிக்கு 15 அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் விழும். சிந்தியது போக 15 குடம் பிடிக்கலாம். மூடிய டிரம்மில் பிடியுங்கள், நிரம்பி வழிவதைக் கிணற்றுப் பக்கம் குழி எடுத்து இறக்குங்கள்.

குழுவில் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் யார் வீட்டில் எத்தனை பானை வேண்டும் என்று கணக்கெடுங்கள். பானைகளைப் பக்கத்து ஊர்க் குயவரிடம் சேர்த்து வாங்கினால் விலையும் குறையும், அவருக்கும் வேலை கிடைக்கும். முதலில் ஒரு வீட்டில் ஒரு பாத்திக்குப் பானை, பக்கத்துப் பாத்திக்கு வழக்கம்போல் குடம் என்று வைத்து, எதற்கு எத்தனை குடம் ஆனது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கைக் கூட்டத்தில் படித்துவிட்டு, மற்ற வீடுகளுக்கு வாங்குவதை முடிவு செய்யலாம்.