ஏன் வெடிக்கவில்லை?

வீட்டுக் கொல்லையில் நடக்கும் ஆபத்தான அறிவியல் சோதனைகள் சிறுவர்களை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதே ஆர்வத்துக்குப் புனே வேறொரு வழி வைத்திருக்கிறது.

ஒரு சிறுவன் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தால் முதலில் என்ன செய்வான்? உரசுவான். அர்விந்த் குப்தா சொல்லித்தரும் தீக்குச்சிப் பாடத்தில் முதல் வேலை அதற்கு நேர் எதிர். பிளேடால் குச்சியின் மருந்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் வெறும் குச்சிகளைச் சைக்கிள் வால்வ் டியூபின் சிறு துண்டுகளில் செருகினால் முக்கோணம், சதுரம், கூம்பு, வீடு என்று ஒவ்வொன்றாக எழும். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் அசைவதில்லை. பாலங்களிலும் கூரைகளிலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பதற்குக் கரும்பலகை தேவைப்படவில்லை.

புனே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் 'அயூகா' வானியல் மையத்தின் குழந்தைகள் அறிவியல் கூடத்தில் குப்தா 2003 முதல் பத்தாண்டுகளுக்கும் மேல் இந்த வேலையைச் செய்தார். பெயர் 'முக்தாங்கண் விஞ்ஞான் ஷோதிகா'. மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயின் குடும்பம் கொடுத்த நன்கொடையில் உருவானது. கட்டடத்துக்கு 'புலஸ்தியா' என்று நட்சத்திரத்தின் பெயர். அதற்குள் 'பு.ல.' ஒளிந்திருப்பது மராத்திக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

மருந்தைச் சுரண்டிவிட்டு விளையாடு என்பது சாதுவான யோசனையாகத் தெரியலாம். எவ்வளவு அவசரமான யோசனை என்பது 2025 தீபாவளியன்று போபாலில் தெரிந்தது.

அந்த ஆண்டு மத்தியப் பிரதேசச் சந்தைகளில் 'கார்பைடு துப்பாக்கி' என்ற சரக்கு 150, 200 ரூபாய்க்கு விற்றது. பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம் கால்சியம் கார்பைடு, தண்ணீர். கார்பைடு தண்ணீரைத் தொட்டால் அசிட்டிலீன் வாயு வரும். வெல்டிங் பட்டறையில் இரும்பை உருக்குகிற அதே வாயு. மாம்பழத்தைப் பழுக்கவைக்கத் தடையை மீறி மண்டிகளில் புழங்குவதும் அதே கார்பைடுதான். குரங்கையும் பறவையையும் விரட்ட விவசாயிகள் வைத்திருந்த ஏற்பாட்டை, செல்போனில் ஓடிய வீடியோக்கள் பட்டாசாக்கிவிட்டன. சில நாட்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண் காயத்துடன் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பெரும்பாலும் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போனது.

டாக்டர்கள் விசாரித்தபோது பல குழந்தைகளின் கதை ஒரே மாதிரி இருந்தது. குழாய் உடனே வெடிக்கவில்லை. என்ன ஆயிற்று என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வெடித்தது. வெப்பம் போதாதென்று, தெறித்த கார்பைடும் அதிலிருந்து உண்டாகும் சுண்ணாம்பும் கருவிழியை அரித்தன.

எட்டிப் பார்த்த சிறுவனை முட்டாள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் 'ஏன் வெடிக்கவில்லை?' என்பதைவிடச் சுத்தமான அறிவியல் கேள்வி எது? வாயு சேரக் கொஞ்ச நேரமாகும், சத்தமில்லாத குழாய்தான் அதிக ஆபத்து என்ற இரண்டு வரியை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. குழாயை விற்றவருக்கும் அது தெரிந்திருக்காது.

இந்த ஆசை செல்போன் காலத்தில் பிறந்ததல்ல. நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற எண்ணெயை 1811-ல் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் துலோங், அதற்கு ஒரு கண்ணையும் விரல்களையும் விலையாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டே ஹம்ஃப்ரி டேவி அதைச் செய்து பார்த்தார். வெடித்துக் கண்ணில் காயம். எழுத முடியாத டேவிக்கு உதவியாக வந்தவர் மைக்கேல் ஃபாரடே என்ற புத்தக பைண்டிங் பையன். அந்த வெடி வெடிக்காமல் இருந்திருந்தால் ஃபாரடே பைண்டிங் கடையிலேயே இருந்திருக்கக்கூடும். இப்படிப்பட்ட கதைகள்தான் ஆபத்துக்கு ஒரு மவுசைக் கொடுத்துவிடுகின்றன. கண்ணை இழந்து, எதையும் கண்டுபிடிக்காமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை.

இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் டேவிட் ஹான் என்ற சாரணச் சிறுவன் 1990-களின் முற்பகுதியில் தாயார் வீட்டுக் கொட்டகையில் அணு உலை கட்ட முயன்றான். புகை எச்சரிக்கைக் கருவிகளிலிருந்து அமெரீசியம் எடுத்தான். கேஸ் விளக்கு மேன்டிலிலிருந்து தோரியம் எடுத்தான். 1995 ஜூனில் அரசு ஆட்கள் பாதுகாப்பு உடையில் வந்து கொட்டகையைப் பிரித்து, 39 பீப்பாய்களில் அடைத்துக்கொண்டு போனார்கள்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கல்யாணம் பார்த்த தமிழர்களுக்கு அந்த மேன்டில் அந்நியமல்ல. அதன் வெள்ளை ஒளிக்குக் காரணம் தோரியம்தான். அந்தத் தோரியத்துக்காகத்தான் ஜெர்மானியரான ஷோம்பர்க் 1909-ல் மணவாளக்குறிச்சி கடல் மணலைத் தேடி வந்தார். விளக்கை ஏற்றியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹானின் கொட்டகை அரசாங்கத் தலைவலியானது. பொருள் ஒன்றுதான், அதைச் சேர்த்துக் குவித்ததில்தான் வித்தியாசம்.

இந்தியாவில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1884-லேயே வெடிபொருள் சட்டம். கார்பைடுக்கென்றே 1987-ல் தனி விதிகள். 2013-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கடையில் அமிலம் வாங்கவும் அடையாள அட்டை. ஆனால் தடை பலமாக இருக்குமிடத்தில்கூட ஆர்வத்துக்கு மாற்று கிடையாது. பல பள்ளிகளில் சோதனைக்கூடம் என்பது பூட்டிய அலமாரி. சோதனை என்பது ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிய, முன்பே தெரிந்த விடை. அங்கே 'ஏன் வெடிக்கவில்லை?' என்ற கேள்விக்கு இடமேது?

மத்தியப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் இடம் இருந்தது. 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில் மாணவர்கள் தாங்களே சோதனை செய்து விடை காண வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து புனேயின் டெல்கோ ஆலையில் லாரி தயாரிப்பில் இருந்த அர்விந்த் குப்தா, 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். கிராமத்து வாரச் சந்தையில்தான் வால்வ் டியூபும் தீக்குச்சியும் அவர் கண்ணில் பட்டன. அந்தத் திட்டத்தை மாநில அரசு 2002-ல் நிறுத்திவிட்டது. ஹோஷங்காபாத் (இன்று நர்மதாபுரம்) போபாலிலிருந்து அதிக தூரமில்லை. கார்பைடு துப்பாக்கிக்கும் நிறுத்தப்பட்ட திட்டத்துக்கும் நேரடியாக முடிச்சுப் போடுவது மிகை. ஆனால் 2025-ல் குழாய்க்குள் எட்டிப் பார்த்த தலைமுறைக்கு அப்படியொரு வகுப்பு வாய்க்கவில்லை.

குப்தாவின் பொம்மைகளில் பிரபலமானது மோட்டார். ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்ட், காந்தம், கொஞ்சம் எனாமல் பூசிய செம்புக் கம்பி. கம்பிச் சுருள் சுற்றும்போது எட்டு வயதுக்காரர்கள் கத்துவது, சரவெடிக்குக் கத்துவதற்குக் குறைந்ததல்ல. அந்த மோட்டாரின் தத்துவத்தை 1821-ல் காட்டியவர் அதே ஃபாரடே. கம்பியின் எனாமலை ஒரு முனையில் முழுவதும் சுரண்டி, மறுமுனையில் ஒரு பக்கம் விட்டுவைக்க வேண்டும். மறந்து எல்லாவற்றையும் சுரண்டினால் சுருள் நடுங்கிவிட்டு நின்றுவிடும். 'ஏன் சுற்றவில்லை?' என்று குனிந்து பார்க்கலாம். 1.5 வோல்ட் செல் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். சுவரிலிருக்கும் 230 வோல்ட்டிடம் அந்தப் பொறுமை கிடையாது.

குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பொம்மைகளின் வீடியோக்கள் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. கார்பைடு துப்பாக்கி வந்துசேர்ந்ததும் அதே செல்போன் வழியாகத்தான்.

பதினான்கு, பதினைந்து வயதில் ஊக்கு மோட்டார் அலுத்துப்போகும் என்பதும் உண்மை. அந்த வயதுக்கு நெருப்பு வேண்டும், சத்தம் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவரும் இருந்தால் அதையும் காட்டலாம். நல்ல ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தீக்குச்சி வகுப்பு முடியும்போது சுரண்டிய மருந்து ஒரு காகிதத்தில் சிறு குவியலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் கொட்டும்வரை ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பது நல்லது.