அடிக்கட்டை கிளப்ப எந்தக் கருவி?

இடம்பெயர்ந்து வந்து புதுக் காணியில் கால்வைக்கும் நமக்கு முதல் இடைஞ்சல் பழைய அடிக்கட்டைகள்தாம். ஆனால் எல்லாவற்றையும் கிளப்ப வேண்டியதில்லை. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியதை நாம் அறிவோம். செங்குத்தான சரிவில் வேர்களே மண்ணைப் பிடித்து நிற்கின்றன. அங்குள்ள கட்டைகளை விட்டுவிடுவோம்.

சாய்வு குறைந்த நிலத்தில், மீண்டும் இறப்பர் நடுவதானால் பழைய இறப்பர் கட்டையை வேரோடு எடுப்பது நல்லது. வெள்ளை வேர் நோய் அதில் தங்கியிருந்து புதுக் கன்றுகளுக்குப் பரவும்.

சிறு கட்டைக்கு மம்பட்டி, கோடாலி, அலவாங்கு ஆகிய மூன்றும் போதும். கல் நிலமானால் பிக்காசும் வேண்டும். மரத்தை நிலத்தோடு வெட்டாமல் இடுப்பளவு விட்டால், பிடித்து ஆட்டிச் சாய்க்கலாம். மம்பட்டியால் சுற்றிலும் மண்ணை வாரி, வேரைத் துடைத்த பிறகே கோடாலியை எடுப்போம். மண்ணில் பட்டால் அதன் வாய் மழுங்கும். பக்கவேர்கள் அறுந்ததும் அலவாங்கால் நெம்புவோம். மம்பட்டியால் நெம்பினால் பிடி முறியும். கட்டைக்குக் கீழ்ப்புறம் எவரும் நிற்கலாகாது.

கையில் பணம் குறைவா? மம்பட்டி வீட்டுக்கு ஒன்று. அலவாங்கு நாலு வீட்டுக்கு ஒன்று. மழை நாளில் தோண்ட வேண்டாம். தோண்டிய குழியை அன்றே மூடி மிதிப்போம். காணியோடு மண்ணையும் காப்போம்.